பாயிண்ட் கணக்குல பைதான்

வாழப்பாடிப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுற வீட்டுப் பசங்களுக்கு முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் தோட்டத்துலயே கிடக்கு.

சேகோ பேக்டரியில மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் கிழங்குக்கு விலை. பாயிண்ட்டை அன்னிக்கு ஒரு பாயிண்ட்டுக்கான ரேட்டால பெருக்கினா டன் விலை வந்துரும்.

பைதான் மொழியில இது மூணே வரி.
பாயிண்ட்டைக் கேளு. ரேட்டைக் கேளு. பெருக்கிக் காட்டு.
மண்ணுக்குன்னு எடை கழிச்சா இன்னொரு வரி.

இதை விட்டுட்டு முதல் புரோகிராமுல 'ஹலோ வேர்ல்ட்'னு யாருக்கு வணக்கம் வைக்கிறாங்களோ!

பிளஸ் டூ கணினி அறிவியல்ல 2019லேயே பைதான் வந்தாச்சு. தமிழ் வழிப் புத்தகமும் இருக்கு. ஆனா ஒரு மார்க் கேள்விக்குன்னு மனப்பாடம் பண்ணினா எதுவும் ஓடாது. தட்டணும், எர்ரர் வரணும், திருத்தணும். ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்கள் அப்படித்தான்: கேட்டுக்கிட்டே கூடவே தட்டிப் பழகுறது. தமிழ்க் குரல்லயும் உண்டு.

இங்கிலீஷ்தான் பயம்னா, முத்து அண்ணாமலை உருவாக்கின 'எழில்'ங்கிற புரோகிராமிங் மொழி இருக்கு. 2009லயே அதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை போட்டுட்டாரு. முழுக்கத் தமிழ்க் கட்டளைகள். திரையில காட்ட 'பதிப்பி'. நிபந்தனையை முதல்ல எழுதி, 'ஆனால்' பின்னாடி வரும். நம்ம பேச்சு மாதிரியே.

இன்டர்வியூல எழில் கேக்க மாட்டாங்க. பயம் தெளிய அது போதும், அப்புறம் பைதானுக்குத் தாவிக்கலாம்.

இவ்வளவும் எழுதின ஆளு இன்னும் பாட வீடியோக்களை 'அப்புறம் பார்க்க' லிஸ்ட்லதான் அடுக்கிட்டிருக்காரு.

உங்க வீட்டுப் பசங்க முதல்ல எதுல தட்டிப் பழகினாங்க, செல்போன்லயா, லேப்டாப்லயா?