சொல்லிவிட்டு எழுவோம்

1976 செப்டம்பர் 10. யுகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் வான்வெளியில் இரு விமானங்கள் மோதி 176 பேர் மாண்டனர். கட்டுப்பாட்டு அறையில் அப்போது பணிமாற்ற நேரம். அடுத்து வரவேண்டியவர் தாமதிக்க, அவரைத் தேடிச் சக பணியாளர் எழுந்து போனார். இருவர் வேலையைத் தனியே சுமந்தவர் மட்டுமே சிறை சென்றார்.

இதைப் படித்ததும் பாட்டியை நினைத்தேன். நான் ஐந்தாம் படிவம் படித்தபோது, அக்காவும் நானும் முறை வைத்து அவரைக் கவனித்தோம். ஒரு மாலை, டியூஷனுக்குப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், இன்சுலின் போட்டாயிற்று என்று சொல்லாமல் ஓடினேன். அக்கா மறுபடியும் போட்டார். மயங்கிய பாட்டி மருத்துவமனையில்தான் கண் விழித்தார். திட்டெல்லாம் அக்காவுக்கு. நான் வாய் திறக்கவில்லை.

அக்கா, அன்று சொல்லாததை இம்மலரில் சொல்கிறேன்: தவறு என்னுடையது.