பதினைந்து படுக்கை, நாலு அறை

உத்திரமேரூர் என்றதும் எல்லாரும் 'குடவோலை' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்வியாக வந்த ஊர். இந்தத் தடவை நான் அந்தப் பக்கம் போனது தேர்தலுக்காக இல்லை சார், இருதயத்துக்காக. காதல் சமாச்சாரம் என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். நிஜ இருதயம். நாலு அறை, நாலு வால்வு, எடை சுமார் 300 கிராம்.

அக்கா பெண் கார்டியாக் டெக்னாலஜி முதல் வருஷம் படிக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் இருபது நாள் தீவிர வகுப்பு. காலையில் அனாடமி, மத்தியானம் பிசியாலஜி, ராத்திரி தூக்கமின்மை. நடுவில் ஒரு ஞாயிறு லீவு விட்டார்கள். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற அம்மாவைப் பார்க்க அவளைக் கூட்டிப்போகும் பொறுப்பு தாய்மாமன் தலையில். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரயிலில் ஏறியதும் நோட்டை எடுத்துவிட்டாள்.

"மாமா, நான் சொல்றேன், நீங்க கேளுங்க. பி.காம். படிச்சவருக்கே புரிஞ்சா எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

பி.காம். மேல் உலகத்துக்கு இருக்கிற மரியாதை இவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்லணும். இருதயம் மாதிரி கணக்குச் சுத்தமான ஆபீஸை நான் பார்த்ததில்லை. வலது பக்கம் அழுக்கு ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம் சுத்த ரத்தத்தை வாங்கி உடம்புக்கு அனுப்புகிறது. ரெண்டு லெட்ஜரும் டாலி ஆகியே தீரணும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 5 லிட்டர், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. கேஷுவல் லீவு கிடையாது.

"இவ்வளவு ரத்தம் அதுக்குள்ளேயே போகுதே, அது தனக்கு வேணும்கிறதை அங்கேயே எடுத்துக்குமா மாமா?"

"எடுத்துக்கும்."

"எடுத்துக்காது! வெளியே அனுப்பின பெரிய குழாயிலேருந்து ரெண்டு சின்னக் குழாய் பிரிஞ்சு திரும்பி வரும். கரோனரி. அதுல வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. நூத்துக்கு அஞ்சு பங்கு."

பேங்க் கேஷியர்தான் ஞாபகம் வந்தார். நாள் பூரா லட்சம் லட்சமாக எண்ணுவார். ஆனால் வீட்டுக்கு அரிசி வாங்க, சம்பளம் கிரெடிட் ஆனால்தான் உண்டு. இன்னொரு வேடிக்கை: இடது பக்கத்துத் தசைக்கு அந்தச் சாப்பாடு பெரும்பாலும் போய்ச் சேர்வது, இருதயம் சுருங்கும்போது இல்லை, தளர்ந்து ஓய்வெடுக்கிற அந்த அரை விநாடியில்தான். மேனேஜர்கள் கவனிக்கவும்.

பழைய சீவரத்தில் இறங்கினோம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம். நாங்கள் போனபோது சேர்ந்திருந்தது மூன்று மணல்தான். கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். அந்தச் சுவரைக் காட்டத்தான் அவளை அங்கே இறக்கினேன்.

வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 1060-களின் கடைசி. அதில் ஒரு ஆஸ்பத்திரியின் பட்ஜெட்டே இருக்கிறது. 'வீரசோழன்' என்று பெயர், பதினைந்து படுக்கை. வைத்தியர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவர் தவிர, அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ரெண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ரெண்டு பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். யாருக்கு எவ்வளவு நெல், ராத்திரி விளக்குக்கு எண்ணெய் என்ன செலவு, எல்லாம் கல்லில். பில்வாதி கிருதம், வாசா ஹரீதகி என்று மருந்துப் பட்டியலும் உண்டு. கோயிலிலேயே வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். "எங்க ஹாஸ்டல்ல வெந்நீரே வராது மாமா" என்றாள் பெண்.

இங்கே வைத்தியம் பாடமாக இருந்ததாகத் தெரியவில்லை. அது திருவாவடுதுறையில். 1121-ம் வருஷத்துக் கல்வெட்டில் சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹ்ருதயமும் படித்தவர்களுக்குச் சோறு போட்ட செய்தி வருகிறது. பேரில் ஹ்ருதயம் இருக்கிறதே என்று அவளுக்கு ஒரே குஷி. வைத்தியத்தின் எட்டுப் பிரிவுகளுக்கும் சாரம் என்று அர்த்தம், உன் சிலபஸ் இல்லை என்றதும் முகம் சுண்டிவிட்டது.

உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட். அடுத்த பாடம் கரண்ட். இருதயத்தை மூளை துடிக்க வைப்பதில்லை. அதற்குள்ளேயே ஜெனரேட்டர் இருக்கிறது. வலது மேல் அறையில் ஒரு சின்ன முடிச்சு. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவர். 1906 கோடையில், இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீட்டில், பேராசிரியர் ஆர்தர் கீத் மனைவியோடு சைக்கிளில் உலாத்தப் போயிருந்த நேரம். மண்ணுக்குள் வளை தோண்டும் மோல் என்கிற எலி மாதிரிப் பிராணியின் இருதயத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார் ஃப்ளாக். கீத் திரும்பி வந்ததும், 'சார், இது என்ன?' அடுத்த வருஷம் உலகத்துக்கே தெரிந்தது.

"நம்ம ஊரு எலியைப் பார்த்தா எனக்கும் ஏதாவது கிடைக்குமா மாமா?"

"முதல்ல பாஸ் பண்ணு."

சிரித்துவிட்டு நோட்டில் ஒரு படத்தைக் காட்டினாள். இடது கரோனரியின் கிளை ஒன்று, முன்பக்கமாக இறங்கி வருகிறது. எல்.ஏ.டி. என்று அடியில் சிவப்பு மையில் ரெண்டு கோடு. "இது அடைச்சா அரைமணிக்குள்ளேயே தசை சாக ஆரம்பிச்சுடும். வலி நெஞ்சுலதான் வரணும்னு இல்ல. கையில வரும், தாடையில வரும், மேல் வயித்துல வரும். இருதயத்து நரம்பும் கை நரம்பும் தண்டுவடத்துல ஒரே இடத்துல போய்ச் சேருது. எங்கேருந்து வலின்னு மூளைக்குக் குழம்பிடும். கிராஸ் டாக்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு இதுதான் இருந்திருக்கும்."

2007-ல் அவளுக்கு ரெண்டு வயசு. அவள் அப்பா காலையில் வயலில் இருந்து வந்து மேல் வயிறு எரிகிறது, வாயு என்றார். சோடா குடித்தார். பூண்டு வறுத்துக் கொடுத்தாள் அக்கா. ஒரு மணி நேரம் திண்ணையில் சாய்ந்திருந்தார். பிறகு வாடகைக்கார் தேடிப் பிடித்துக் காஞ்சிபுரம் புறப்பட்டார்கள், பாதி வழி. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது மறு வருஷம்தான். அவருக்கு முப்பத்தெட்டு வயசு.

எனக்கு இப்போது முப்பத்தெட்டு.

"மாமா, நீங்க ஈ.சி.ஜி. எடுத்திருக்கீங்களா?"

"எனக்கு என்னம்மா, நல்லா இருக்கேன்."

"அப்பாவும் நல்லாத்தான் இருந்தாராம். பத்து ஒயர், பன்னிரண்டு லீட், அஞ்சு நிமிஷம்."

"பத்து ஒயர்ல எப்படிப் பன்னிரண்டு? கணக்கு இடிக்குதே."

"பேச்சை மாத்தாதீங்க."

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டி நடக்கிற தூரம். அக்கா சமையல் முடிக்க நேரமிருந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. முப்பது குடும்பு, ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த விதி: கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரர்களும் நிற்கக்கூடாது. ஆடிட்டர்கள் இங்கே வந்து ஒரு கும்பிடு போடலாம்.

வாரியத்துக்கு நிற்க மற்ற தகுதிகளையும் வாசித்துச் சொன்னேன். வேதம் தெரிந்திருக்கணும், கால் வேலி நிலம், சொந்த மனையில் சொந்த வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள்.

"உங்களுக்கு வயசு சரி மாமா. வீடுதான் இடிக்குது."

"வாடகை வீட்டுக்காரன் அன்னைக்கும் அவுட்டு."

அவள் தூணில் சாய்ந்துகொண்டு விரல் விட்டு எண்ணினாள். "வேதத்தை விட்டுட்டா, அப்பாவுக்கு எல்லாம் இருந்தது. வீடு, நிலம், வயசு. நின்னிருக்கலாம்ல?"

"நின்னிருக்கலாம்."

"இப்ப அம்பத்தாறு ஆகியிருக்கும். இன்னும் பதினாலு வருஷம் நிக்கலாம்."

அக்காவிடமிருந்து போன். சாம்பார் ஆறுகிறதாம். நடந்துகொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து வாட்சைப் பார்த்தாள். எழுபத்தெட்டு என்றாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈ.சி.ஜி.க்கு வரணுமாம், ஆபீஸில் பர்மிஷன் சொல்லிவிட வேண்டுமாம். சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேட்டேன்.

"தாராளமா. பூண்டு மட்டும் வேண்டாம், நான்தான் பக்கத்துல நிக்கணும்."