சுவரை மறந்த நிரல்

சென்ற மே மாதத்தில் ஒரு நண்பகலில், தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய எங்கள் சந்தின் முகப்பில் அம்மாவை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். பின்னால் புதிதாக வெள்ளையடித்த சுவர். ஒற்றைப் படத்திலிருந்து ஒரு முகத்தின் வடிவத்தையும், தோலின் எதிரொளிப்புத் திறனையும், அப்போது அதன்மேல் விழுந்த ஒளியையும் தனித்தனியே பிரித்துத் தருவது நான் எழுதிவரும் நிரலின் வேலை. வடிவம் ஏறத்தாழச் சரியாகவே வந்தது. தோலோ அம்மாவினுடையதைவிட வெகுவாக வெளுத்திருந்தது. ஒளிக்குரிய கட்டத்தில் மழைக்கால மாலையைப் போன்ற மங்கல் வெளிச்சம் தெரிந்தது.

இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். கேமரா ஒளியளவைப் பதியும் வளைகோட்டைத் திருத்தாமல் விட்டேனோ என்று ஐயுற்றேன், விடவில்லை. நிரல் தந்த வடிவம், தோல், ஒளி மூன்றையும் மீண்டும் ஒன்றுசேர்த்தால் அசல் முகப்படம் பிசகின்றிக் கிடைத்தது. பிழையளவு பூச்சியத்தை ஒட்டி நின்றது. கணக்கின்படி விடை சரியே. ஆயினும் அந்த முகம் அம்மாவினுடையது அன்று.

இத்துறை சாராதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் கும்பர்வாடா இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு. அங்கே வெயிலில் காயும் பானையொன்றில் ஓரிடம் கருத்துத் தெரிந்தால், அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அவ்விடம் இன்னும் ஈரமாக இருக்கலாம். அது எதிரொளிப்பின் வேறுபாடு. பானையின் வளைவு அங்கே வெயிலைவிட்டு விலகித் திரும்பியிருக்கலாம், அது வடிவம். சூளைப் புகை வெயிலை மறைத்திருக்கலாம், அது ஒளி. படப்புள்ளியில் பதிவாவதோ இம்மூன்றின் பெருக்கல்பலன் மட்டுமே. 12 என்ற எண்ணைக் காட்டி, இது 3×4-ஆ, 2×6-ஆ என்று கேட்பதைப் போன்றது இது.

பளபளப்பற்ற பரப்பின் பொலிவு, ஒளி வரும் திசைக்கும் பரப்பின் செங்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைனைப் பொறுத்தது என்பது லாம்பெர்ட் 1760-இல் வகுத்த விதி. பெர்த்தோல்ட் ஹார்ன் 1970-இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில், எதிரொளிப்பு எங்கும் சீரானது எனக் கொண்டு, ஒற்றைப் படத்தின் ஒளிநிழலிலிருந்து வடிவத்தைக் கணிக்க வழி கண்டார். ராபர்ட் உட்ஹாம் 1980-இல் விளக்கிய ஃபோட்டோமெட்ரிக் ஸ்டீரியோ முறையில் கேமரா அசையாது. விளக்கு மட்டும் இடம் மாறும். நன்கு அறிந்த மூன்று ஒளிகளில் எடுத்த மூன்று படங்கள் இருந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் செங்கோடும் எதிரொளிப்பும் ஒருங்கே கிடைக்கும். ஆய்வகத்தில் வைத்த பானைக்கு இது போதும். தெருவில் நிற்பவருக்கு மூன்று விளக்குகளை யார் ஏற்றுவது?

ஒற்றைப் படத்தின் சிக்கலுக்கு எட்வர்ட் ஏடெல்சனும் அலெக்ஸ் பெண்ட்லண்டும் 1996-இல் கூறிய உவமை, தாராவியைப் பார்த்தே சொன்னது போல எனக்குத் தோன்றும். ஒரு பட்டறையில் வண்ணம் பூசுபவர், தகடு வளைப்பவர், விளக்கு அமைப்பவர் என மூவர் இருக்கின்றனர். ஒரே காட்சியை வெவ்வேறு வழிகளில் இவர்களால் உருவாக்கிவிட முடியும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூலி உண்டு. மொத்தக் கூலி எவ்வழியில் குறைவோ, அவ்வழியே ஏற்கத்தக்க விளக்கம். கணினிக்குள் இருக்கும் கூலிப் பட்டியலைத்தான் நாங்கள் முன்னனுமானம் என்கிறோம்.

என் நிரலின் கூலிப் பட்டியலை எழுதியது முகங்களின் தரவுத் தொகுப்பு. இத்துறையில் பரவலாகப் பயன்பட்டு வந்த, 2009-இல் வெளியான பாசல் முக மாதிரி 200 பேரின் முப்பரிமாணப் பதிவுகளால் ஆனது. அவர்களுள் பெரும்பாலோர் ஐரோப்பியர். நான் எடுத்தாண்டது வேறொரு தொகுப்பு. அதன் சாய்வும் அத்தகையதே. அதில் கருந்தோல் அரிது. அரிதானதற்குக் கூலி அதிகம். வெளிச்சத்தைக் குறைப்பதற்கோ கூலியே இல்லை. நிரல் மலிவான வழியைத் தேர்ந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தது அப்போது நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் கலர் ஏத்திருக்கேம்மா" என்று அதன் உரிமையாளர் கனிவோடுதான் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அம்மா மகிழ்ந்தார், நானும்தான். தேர்வறையில் கண்காணிப்பாளர் அந்தப் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

நிரல் தந்த படங்களை அம்மாவிடம் காட்டினேன். நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒளியின் கட்டத்தைச் சுட்டி, "ஏட்டி, அன்னைக்கு வெயிலு மண்டையப் பொளந்துச்சுல்லா? பின்னால சொவத்தப் பாக்க முடியாம கண்ணு கூசிச்சே" என்றார்.

கண்கூசும்படி படத்தில் பதிவாகியிருந்த அந்தச் சுவரை, முகத்தை மட்டும் கத்தரித்து எடுக்கும் முதற்கட்டத்திலேயே நான் எறிந்துவிட்டிருந்தேன். 2022-இல் ஹைவென் ஃபெங் குழுவினர் வெளியிட்ட 'ட்ரஸ்ட்' என்னும் ஆய்வு இதைத்தான் வலியுறுத்துகிறது: முகத்தோடு காட்சி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒளியைத் தோல் நிறத்திலிருந்து பிரிக்க வழி பிறக்கும். அதைப் படித்திருந்தேன், என் கட்டுரையில் மேற்கோளும் காட்டியிருந்தேன். கத்தரிக்கும் வரியை மட்டும் நீக்கவில்லை.

சுவர் வெள்ளை என்பதும் ஓர் அனுமானம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் எந்தப் பரப்பும் தன்மேல் விழுந்ததைவிட அதிக ஒளியை எதிரொளிக்க இயலாது. சுவர் சாம்பல் நிறமாக இருந்திருந்தால், அத்தனை பொலிவுக்கு வெயில் இன்னும் கடுமையாக இருந்திருக்க வேண்டும். அதே வெயில்தான் அம்மாவின் முகத்திலும் விழுந்தது. ஆகவே மங்கல் மாலை என்ற விளக்கத்துக்கு எவ்வகையிலும் இடமில்லை.

சுவரையும் சேர்த்து நிரலை மறுபடி ஓட்டினேன். வெளிச்சம் உயர்ந்தது, தோலின் நிறம் அம்மாவினுடையதை நெருங்கியது, முழுமையாக அன்று. கூலிப் பட்டியலைத் திருத்தும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. இத்துறைக்கு வரும் மாணவர்கள், பிழையளவு பூச்சியத்தைத் தொட்டதும் நின்றுவிட வேண்டாம். விடையைப் படத்தில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அன்றைய வெயில் அவருக்குத் தெரியும்.