இருபது நிமிட இடைவேளை

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குச் செல்லும் பாதை எனக்குப் புதியதன்று. பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் சம்பளப் போராட்டம், மண்சரிவு, தேர்தல் என ஏதேனும் ஒன்றின் பொருட்டு அவ்வழியே பல தடவை சென்றிருக்கிறேன். அண்மையில் சென்றது என்னிடமிருந்த சில புத்தகங்களை ஒரு பாடசாலை நூலகத்துக்குக் கொடுப்பதற்காக. நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியை கேட்டுக்கொண்டபடி அவர் பெயரையும் பாடசாலையின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன்.

அங்கே இடைவேளை இருபது நிமிடம். அதற்குள் உண்ண வேண்டும், கை கழுவ வேண்டும். எஞ்சிய நேரமே வாசிப்புக்கு. நூலக வாசலில் ஒரு மேசை, அதன்மேல் நீளமான ஒரு பதிவேடு, சணல் நூலில் கட்டிய ஒரு பேனை. திகதி, பெயர், தரம், சேர்விலக்கம், நேரம், ஒப்பம் என ஆறு நிரல்கள். ஒரு பிள்ளை அரை நிமிடத்தில் எழுதி முடித்தாலும் இருபது பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் ஆகிவிடும். வரிசையின் கடைசியில் நிற்பவர் பேனையைக் கீழே வைக்கும்போது மணி அடிக்கும். இந்த ஏற்பாடுதான் அங்கு நெடுநாள் இருந்திருக்கிறது.

இப்போது அந்த மேசையில் ஒரு பழைய மடிக்கணினியும் கடைகளில் விலை பார்க்கப் பயன்படுத்தும் பட்டைக்குறி வாசிப்பானும் இருக்கின்றன. இரண்டும் பழைய மாணவர் ஒருவரின் அன்பளிப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு அட்டை. அதில் சேர்விலக்கம் கறுப்புக் கோடுகளாக அச்சிடப்பட்டிருக்கிறது. அட்டைகள் தரவாரியாகப் பெட்டியில் நிற்கின்றன. பிள்ளை தன் அட்டையை எடுத்து ஒளியின்கீழ் காட்டுகிறது. ஒரு சிறு ஒலி; அவ்வளவுதான்.

இதில் மாயம் எதுவும் இல்லை. கணினிக்கு அந்த வாசிப்பான் இன்னொரு விசைப்பலகை போன்றதே. கோடுகளை இலக்கங்களாக்கித் தட்டச்சு செய்து, அடுத்த வரிக்குத் தாவும். எக்செல் தாளில் பெயரும் தரமும் தாமாக வந்து விழுகின்றன. முதல் வாரத்தில் மட்டும் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. நேரத்தைக் காட்ட இட்ட சூத்திரம், ஒவ்வொரு புதிய பதிவின்போதும் பழைய நேரங்களையும் மாற்றிவிட, பாடசாலை முழுவதும் ஒரே நொடியில் நூலகத்துக்குள் புகுந்ததாகத் தாள் சாட்சி சொன்னது! அன்பளித்த மாணவரே பிறகு சில வரி நிரல் எழுதி அதைச் சரிசெய்தாராம்.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொதிதான் இந்தக் கோடுகளால் முதன்முதலாக விலை பார்க்கப்பட்டது. அதற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தம் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று விதித்துவிட்டார். கணிதம் கற்பித்துவிட்டு நூலகரானவர். நிமிடங்களின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்தில் பதிவேட்டுக்கென ஒரு தனி வரலாறு உண்டு. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தால்தான் வேலை. செக்ரோலில் விழுந்தது முழுப்பேரா அரைப்பேரா என்பதில்தான் கூலி. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும் அடையாள அட்டையில் வேறொன்றாகவும் நின்று அலைக்கழித்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், எழுத்தில் இருக்கும் பெயருக்கு இம்மக்கள் கொடுத்த விலை பெரிது. ஆதலால், பிள்ளைகளின் வருகையை ஒரு கணினி குறித்துவைக்கிறது என்றதும் எனக்குச் சற்றுத் தயக்கமே ஏற்பட்டது.

"இந்தக் கணக்கை வைத்து என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அதிகம் வருகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, ஐயா. நான் வேண்டாம் என்றேன். அட்டையைக் காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்" என்று சிரித்தார். பிறகு சன்னலோரம் இருந்த ஒரு சிறுவனைக் கண்ணால் காட்டினார்.

தரம் 7. எழுதுவதில் மிக மெதுவானவன். பழைய வரிசையில் அவன் பேனையைப் பிடித்ததும் பின்னால் நிற்பவர்கள் "சீக்கிரம் எழுதுடா" என்று நச்சரிப்பார்கள். ஓரிரு முறை வந்து பார்த்தவன் நூலகப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டான். அவன் வராதது ஆசிரியைக்கும் தெரியவில்லை. வராதவன் பெயரை எந்தப் பதிவேடு காட்டும்? அட்டை வந்த மூன்றாம் நாள் அவனும் வந்திருக்கிறான். எழுத வேண்டியதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்றேன். மடிக்கணினியின் மின்கலம் ஒரு மணி நேரம் தாங்குமாம். அதுவும் தீர்ந்தால்? 2022இல் நாடு நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்ததை மறக்க முடியுமா? அப்படியொரு நாள் வந்தால் அட்டைகளை ஒரு டப்பாவில் போடச் சொல்லி, பிற்பாடு எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டிவிடுவாராம். பழைய பதிவேடும் பேனையும் அலுமாரிக்குள் போய்விட்டன.

மணி அடித்தது. சிறுவன் விலங்குகளைப் பற்றிய புத்தகத்தை மூடாமல் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினான். "மகன், நேரமாச்சு" என்று ஆசிரியை மெல்லச் சொன்ன பிறகே எழுந்தான்.

நான் கொண்டுபோன புத்தகங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரும்பாலும் கட்டுரைத் தொகுப்புகள். எழுத்துகளோ மிகச் சிறியவை.

"அடுத்த முறை வரும்போது, பெரிய எழுத்தில் படம் போட்ட புத்தகங்கள் கிடைத்தால் கொண்டு வாருங்கள், ஐயா" என்றார்.