பூட்டுக்குள்ளே சாவி

நான் ஒரு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். அதாவது கம்ப்யூட்டர் ஓடினால் ‘இவர் எதுக்கு?’ என்றும், நின்றால் ‘இவர் எங்கே?’ என்றும் கேட்கப்படுகிற பிறவி.

எங்கள் ஆபீஸில் ஒரு லினக்ஸ் சர்வர். அதன் திரையை வீட்டிலிருந்தே பார்த்து வேலை செய்ய வி.என்.ஸி. போட்டிருக்கிறேன். 1990களில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பிறந்த சரக்கு. அதைப் பற்றி என்னிடம் கேட்கிற ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது.

‘சார், ஜன்னலை மூடிட்டேன். வேலை போச்சா?’ போகாது. நீங்கள் மூடியது உங்கள் கண்ணை. சர்வரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். லாக்-அவுட் கொடுத்தால்தான் கதை முடியும்.

‘திரை வெறும் சாம்பல் கலரா இருக்கே?’ வாசல் திறந்துவிட்டது, வீட்டுக்காரர்தான் எழுந்திருக்கவில்லை. டெஸ்க்டாப்பை எழுப்புகிற ஸ்டார்ட்-அப் ஃபைலைத் திருத்தவேண்டும்.

‘பாஸ்வேர்டோட கடைசி எழுத்தைத் தப்பா அடிச்சேன், உள்ளே விட்டுடுச்சே!’ பழைய வி.என்.ஸி. முறையில் முதல் 8 எழுத்துக்குத்தான் மரியாதை.

இந்தக் கடைசிக் கேள்விதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. முதல் டிஸ்ப்ளேவுக்கு 5901 என்கிற போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கிறது. 8 எழுத்துப் பூட்டு போதுமா? அதை அடைத்துவிட்டு, 22-ம் நம்பர் வாசலான எஸ்.எஸ்.ஹெச். வழியாகச் சுரங்கம் போட்டு எல்லோரையும் வரவைப்பது என்று முடிவு செய்தேன்.

மாசக் கடைசி. ராத்திரி 10 மணி. வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து ஃபயர்வாலை உசுப்பினேன். ‘இருக்கிற இணைப்பு அறுந்து போகலாம், பரவாயில்லையா?’ என்று அது மரியாதையாகக் கேட்டது. இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? ‘ஒய்’ தட்டினேன்.

கர்ஸர் அப்படியே நின்றது. 22-ஐ அனுமதிக்க மறந்திருந்தேன்!

உடனே போன். அக்கவுண்ட்ஸ் மேடம். “சார், சம்பள ஷீட் போட்டுட்டு இருந்தேன். ஸ்க்ரீன் உறைஞ்சுபோச்சு. காலைல 9 மணிக்கு பாங்குக்குப் போகணும். இன்னும் ஸேவ் பண்ணலை...”

பைக்கை விரட்டினேன். வாட்ச்மேன் பெரியவர் கேட்டைத் திறந்தார்.

“என்ன சார் இந்நேரத்துல? சாவியை மறந்துட்டீங்களா?”

“உள்ளே வெச்சுப் பூட்டிட்டேன் பெரியவரே.”

“நாளைக்குச் சம்பளம் வந்துடும்ல? பேத்திக்கு ஃபீஸ் கட்டணும்.”

எச்சில் விழுங்கினேன். பதில் வரவில்லை.

சர்வர் முன் உட்கார்ந்து 22-ஐத் திறந்தேன். மேடத்துக்குச் சுரங்கம் போடுவதை போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து அவர் குரல்: “சார், விட்ட இடத்துலயே இருக்கு!”

ஊருக்கெல்லாம் சொன்ன பதில் எனக்கே பலித்தது.

இப்போதெல்லாம் ரிமோட்டில் ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன்னால் 22-ஐ அனுமதிக்கிறேன். பத்து நிமிஷத்தில் ஃபயர்வால் தானாகவே அணைந்துபோகிற மாதிரி ‘அட்’ கட்டளையில் நேரம் குறித்து வைக்கிறேன். இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்து, வழி இருக்கிறது என்று தெரிந்தபிறகே அந்தக் கட்டளையை ரத்து செய்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் பெரியவர் சிரித்தார். “சம்பளம் வந்துடுச்சு சார். அது சரி, நேத்து நடுராத்திரில வந்து சும்மா நாற்காலில உட்கார்ந்துட்டுப் போனீங்களே, வீட்ல ஏதாவது சண்டையா?”