கல்லும் மலரும் கால்நடையும்

அயர்லாந்தின் மேற்குக் கரையிலே, கிளேயர் மாவட்டத்தின் வடபாகத்தில், பரன் எனப்படும் நிலப்பரப்பு ஒன்று உண்டு. ஐரிஷ் மொழியில் அப்பெயருக்குக் கல்நிலம் என்பதே பொருள். வடக்கே கோல்வே விரிகுடா. மேற்கே அத்திலாந்திக் சமுத்திரம். அவற்றை நோக்கிச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கற் குன்றுகள் படிபடியாக இறங்குகின்றன. பனிக்கட்டியாறுகள் சுரண்டிச் சென்ற பாறையை மழைநீர் நெடுங்காலமாகக் கரைத்து, பாளம் பாளமாகவும் பாளங்களுக்கிடையே ஆழ்ந்த வெடிப்புக்களாகவும் ஆக்கியிருக்கிறது. தூரத்தே நின்று நோக்குபவனுக்கு அது உயிரற்ற பூமி. 1651 இல் குரொம்வெல்லின் படைத்தலைவருள் ஒருவரான எட்மண்ட் லட்லோ அவ்வழியே சென்றபோது, அங்கே நீரும் மரமும் மண்ணும் இல்லாத குறையைக் கொலைத்தொழிலின் அளவுகோல் கொண்டே அளந்து எழுதினார். போர்வீரன் பார்வை வேறெவ்வாறு இருக்கும்? ஆயினும் ஒன்று அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அங்குள்ள மாடுகள் கொழுத்திருந்தன.

இன்று அக்கல்நிலத்திற்கு வருவோர் மலர் காண வருகின்றனர். மே மாதத்தில், வழிகாட்டி ஒருவரின் பின்னே சிறு கூட்டமாகச் செல்லும் இவர்களை முதன்முதலிற் காண்பவர், எதனையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றே எண்ணுவர். நடப்பது சிறிது, குனிவதும் முழந்தாளிடுவதும் பெரிது. தேடப்படும் பொருள் விரலளவு உயரமுள்ள ஜென்சியன். அதன் நீலத்தை வானத்திற்கோ கடலுக்கோ ஒப்பிடுவது வழக்கமாயினும், இரண்டுமே அதன்முன் வெளிறியவை. வெயில் மறைந்தால் இதழைச் சுருட்டிக்கொள்ளும் பிடிவாதம் அதற்குண்டு. ஆகவே மேகம் மூடிய நாளில், தூரதேசத்திலிருந்து வந்தவரும் மொட்டைக் கண்டே திரும்ப நேரிடும். அதனருகே வெண்ணிற எண்ணிதழ் மலரான டிரையாஸ் பாய்போலப் படர்ந்திருக்கும்.

அல்ப்ஸ் மலையில் உயரத்தே வளரும் ஜென்சியனும், துருவப் பிரதேசத்திற்குரிய டிரையாசும், போல்சாலக் என்னும் கரையோரத்தில் உப்புக்காற்றுப் படும் இடத்திலேயே பூக்கின்றன. மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய சிறு ஓக்கிட் ஒன்றும் இதே நிலத்தில் வளர்கின்றது. குளிர்நாட்டுச் செடியும் வெப்பநாட்டுச் செடியும் இவ்வாறு அயலவராய் வாழக் காரணம் என்ன? சமுத்திரத்தின் வெந்நீரோட்டம் மாரியின் கடுமையைத் தணிக்கின்றது. கோடையில் வெயிலேற்ற பாறை அவ்வெப்பத்தைச் சேமித்து மெல்ல மெல்ல விடுகின்றது. மழைநீர் மேலே தங்காது வெடிப்பினூடே மறைகின்றது. இக்கடைசி இயல்பை யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பூமியிற் பிறந்தோருக்கு விளக்கவேண்டியதில்லை. நிலாவரையை எட்டிப்பார்த்தவர் அறிவர். பரனிலோ அந்நீர் மாரியில் நிலத்தடியிலிருந்து பொங்கி ஏரியாகும். கோடையில் அதே ஏரி வற்றிப் புற்றரையாகும்.

இவ்வளவும் எந்த நூலிலும் கிடைக்கும். வழிகாட்டி வேண்டப்படுவது இதற்கு அப்பால் உள்ளதைக் காட்டுவதற்கே. மலரைக் காட்டிய விரல், அதன் பக்கத்திலே உலர்ந்து கிடக்கும் சாணத்தையும் காட்டவேண்டும். ஐரோப்பாவின் மலைநாடுகளிற் பொதுவாகக் கோடையில் மாடுகளை மேலே ஏற்றி, மாரியிற் கீழே கொணர்வர். பரன் விவசாயி இதனைத் தலைகீழாகச் செய்கிறான். மாரி தொடங்கும்போது குன்றுக்கு ஏற்றி, வசந்தத்திற் கீழே இறக்குகிறான். வெப்பம் காத்த கல் மாட்டுக்கு உலர்ந்த படுக்கை. மாடோ முரட்டுப்புல்லையும் காய்ந்த சருகையும் தின்று தீர்த்து, சிறு மலர்களுக்கு வெளிச்சம் விட்டுச் செல்கின்றது. மேய்ச்சல் நின்ற இடங்களில் புல் மூடுகின்றது. பின்பு ஹேசல் பற்றை எழுகின்றது. அதன் நிழலில் ஜென்சியனுக்கு வாழ்வில்லை. மலரைக் காக்க மாட்டைத் தடுப்பதே வழி என்று கருதுவோர் எங்கும் உளர். அவர்கள் இங்கே சற்று நின்று நோக்குதல் நன்று.

இவ்வுறவு புதியதுமன்று. போல்னப்ரோன் என்னுமிடத்திலுள்ள கல்லறையை 1986 இல் அகழ்ந்தபோது, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட விவசாய மக்களின் எலும்புகள் கிடைத்தன. ஒருகாலத்தில் அக்குன்றுகளில் மரங்கள் நின்றன. அவற்றை மனிதர் வெட்டினர். மண் பெரும்பாலும் அரித்துச் சென்றது. எனவே இயற்கையின் தனிப்படைப்பென்று பிரயாணி வியக்கும் வெறுங்கல்லிலும் மனிதன் கைரேகை உண்டு.

இத்தகைய நிலத்தை எவ்வாறு பிறருக்குக் காட்டுவது என்பதிலேதான் பெரும் வழக்கு மூண்டது. 1991 இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. முல்லாமோர் குன்றடியில் பிரயாணிகளுக்கென ஒரு நிலையம் கட்ட அரசு திட்டமிட்டது. வேலை தொடங்கியபின் 1993 இல் நீதிமன்றம் தடுத்தது. வழக்கு இழுபட்டு, 2000 இல் அனுமதி முற்றாக மறுக்கப்பட்டது. கழிவுநீர் ஊறிச் செல்லும் பாறை, ஒதுக்குப்புறத்தின் அமைதி ஆகியவற்றை முன்வைத்தோர் எதிர்த்தனர். பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் ஊர்விட்டுப் போவதைக் கண்டோர் ஆதரித்தனர். ஒரே கிராமத்தவர் இரு பிரிவாயினர். எதிர்த்தோர் வென்றது நன்றே. ஆயினும் வேலை கேட்டவரை அறிவிலிகளென இகழ்வது, மலரை மட்டும் கண்டு மனிதரைக் காணாத கண்ணின் குற்றம்.

அப்பிள்ளைகளுள் ஒருவர் வழிகாட்டியாய்ச் சொந்த ஊரிலேயே பிழைப்பாராயின், அதற்குக் கட்டடம் தேவையில்லை. வருவோர் தொகை பெருகினால் தீங்கில்லை என்றும் கூறவியலாது. பாறைப் பாளங்களைப் பெயர்த்துச் சிறு கல்லறைகள்போல அடுக்கி விளையாடிச் செல்லும் பிரயாணிகளால் நேரும் சேதம் அங்கு நன்கறியப்பட்டது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு விவசாயிகளும் ஆய்வாளரும் கூடி ஒரு முறையை வகுத்தனர். மேய்ச்சல் நிலத்தின் தரத்திற்குப் புள்ளியிட்டு, புள்ளிக்கேற்ப விவசாயிக்குப் பணம் வழங்கும் முறை அது. மலர் மிகுந்தால் வருவாயும் மிகும்.

ஒக்டோபர் இறுதியில் மாடுகள் குன்றேறுகின்றன. அக்காட்சியைக் காணவும் அண்மைக்காலத்தில் வெளியூரார் வருகின்றனர். அப்போது ஜென்சியன் இல்லை, மழைக்காற்று உண்டு. ஒடுங்கிய பாதை முழுவதும் மாடுகள் நிறைய, விவசாயியின் பின்னே சேற்றிற் கால் புதைய அவர்களும் மெல்ல ஏறுகின்றனர்.