ரெண்டு யூனிஃபார்ம் போட்ட ஜெனரல்

அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்திப் படிக்கறது எனக்கு ஒரு கிறுக்கு. லீ, கிராண்ட், ஷெர்மன்னு பெரிய தலைகளையெல்லாம் விட என்னை ரொம்ப நாளா குடையற ஆள் ஜோசப் வீலர். அடிமை முறையைக் காப்பாத்தப் பிரிஞ்சு போன தென்மாநிலங்களோட குதிரைப்படைத் தளபதி.

1836-ல் ஜார்ஜியாவில் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 22 பேரில் 19-வது ஆளா தேறினார். நம்ம கடைசி பெஞ்ச் கோஷ்டிதான்! ஆனா போர் வந்ததும் ஆளே வேற. 26 வயசுல மேஜர் ஜெனரல். 1864 கடைசியில் ஷெர்மனின் சுமார் 60,000 பேர் கொண்ட வடக்குப் படை ஜார்ஜியாவை நாசம் பண்ணிக்கிட்டே கடலைப் பார்த்துப் போனப்ப, விடாம பின்னாலயே துரத்தினது வீலரோட சில ஆயிரம் குதிரை வீரர்கள். (அவங்க அடிச்ச கொள்ளையைப் பத்தி தென்மாநிலத்து மக்களே புலம்பியிருக்காங்க, அது தனிக்கதை.)

போர்ல தோத்தாச்சு, சிறைக்கும் போயாச்சு. அப்புறம் அலபாமாவில் பருத்தித் தோட்டம், வக்கீல் தொழில், பல வருஷம் காங்கிரஸ் உறுப்பினர். 1898-ல் ஸ்பெயினோட போர் மூண்டதும் ஜனாதிபதி மெக்கின்லி இவரைக் கூப்பிட்டார். எந்த ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போட்டாரோ, அதே ராணுவத்தின் யூனிஃபார்மில் 61 வயசுல கியூபாவுக்குக் கிளம்பிட்டார். அங்கே இவருக்குக் கீழே இருந்தவங்கள்ல தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஒருத்தர். ஸ்பானிஷ்காரங்க பின்வாங்கினதைப் பார்த்த உற்சாகத்துல, "யாங்கிகள் ஓடறானுங்க"ன்னு பழைய ஞாபகத்துல கத்திட்டாராம்! 1906-ல் இறந்தப்ப ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம். 1925-ல் அலபாமா சார்பா வாஷிங்டன் கேபிடலில் சிலையும் வெச்சாங்க.

பகையாளிகள் ராசியான கதை. சினிமா கிளைமாக்ஸ் மாதிரி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து போயிடலாம்.

எனக்குப் போக முடியலைங்க. காரணம் எபனேசர் ஓடை.

1864 டிசம்பர் 9. சவானா நகருக்கு வடக்கே இருக்கற ஓடை. விடுதலை கிடைச்சுதுன்னு நம்பி, ஷெர்மன் படைக்குப் பின்னாலயே நூத்துக்கணக்கான கறுப்பின மக்கள் குழந்தை குட்டியோட நடந்து வந்தாங்க. வடக்குத் தளபதி ஜெஃபர்சன் சி. டேவிஸ் தன் ஆளுங்க தாண்டினதும் மிதவைப் பாலத்தை எடுக்கச் சொல்லிட்டார். முன்னால குளிர்ந்த தண்ணி, பின்னால வீலரோட குதிரைப்படை. பயந்து குதிச்சவங்கள்ல பலர் மூழ்கிச் செத்தாங்க. கரையில் நின்னவங்களை வீலர் ஆளுங்க பிடிச்சு, திரும்ப 'எஜமான்கள்' கிட்டயே அனுப்பினாங்க.

ஒருத்தன் பாலத்தை எடுத்தான், ஒருத்தன் வந்து பிடிச்சான். பின்னாடி கைகுலுக்கிக்கிட்டது இந்த ரெண்டு தரப்பும்தான். ஓடைக்கரையில் நின்னவங்களை யாரும் கேட்கவே இல்லை. இத்தனைக்கும் கியூபாவில் வீலரோட டிவிஷனில் 9, 10-வது குதிரைப்படைகளின் கறுப்பின வீரர்களும் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டாங்க. மூணே வருஷத்துல, 1901-ல், அலபாமா புதுசா ஒரு அரசியல் சட்டம் போட்டு பெரும்பாலான கறுப்பின மக்களோட ஓட்டுரிமையைப் பிடுங்கிடுச்சு.

கேபிடல் சிலையில் வீலருக்குப் போட்டிருக்கறது எந்த யூனிஃபார்ம் தெரியுமா? தென்மாநில ராணுவத்தோடது.

வீலர் தைரியசாலி, சந்தேகமே இல்லை. மன்னிப்பும் நல்ல விஷயம்தான். ஆனா அடிபட்டவன் வாசலுக்கு வெளியிலயே நிக்கறப்ப, உள்ளே ரெண்டு பேர் ராசியாயிட்டோம்னு விருந்து சாப்பிட்டா அதுக்கு என்ன பேருங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.